ஏறிய பஸ்ஸும் இரண்டாவது ஜாடியும்

ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலையில் எனக்குச் சிறுநீர் பச்சையாகப் போனது. சும்மா பச்சை இல்லை. எங்கள் போடிச் சந்தையில் ஏலக்காயை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, "ஆகா, முதல் தரம்" என்பார்களே, அந்தப் பச்சை. கழிப்பறைக்குள் நின்று நான் சிரித்த சிரிப்பில் நர்ஸ் பிள்ளை ஓடிவந்து கதவைத் தட்டியது.

"என்னம்மா, தலை சுத்துதா?"

"இல்ல தாயி. நல்லா விளைஞ்சிருக்கேன், வந்து பாரு" என்றேன்.

பயப்பட ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். முந்தின நாள் என் இடது மார்பில், கட்டிக்குப் பக்கத்தில், ஊசியால் ஏற்றிய நீல மருந்துதான் அப்படிக் கழிகிறது. தெரிந்திருந்தும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அறுபத்தொரு வயதில், மார்பில் புற்றுக்கட்டி எடுத்த புண்ணோடு, தேனியில் ஓர் ஆஸ்பத்திரிக் கழிப்பறையில் இப்படிச் சிரிப்பவள் நானாகத்தான் இருப்பேன்.

நான் மரகதம். போடியில் ஒரு தனியார் லேபில் முப்பத்து நான்கு வருஷம் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள். ரத்தம் குத்தி எடுக்கிற டெக்னீஷியன் இல்லை. ஆபரேஷனில் வெட்டி எடுத்த சதையை வாங்கி, பதப்படுத்தி, மெழுகில் புதைத்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி டாக்டரின் மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைக்கிறவள். கல்யாண வீட்டுப் பந்தியில் யாராவது, "நீங்க என்ன சோலி பாக்குறீக?" என்று கேட்டால் விலாவாரியாகச் சொல்வேன். பக்கத்து இலையில் பாயசம் அப்படியே மிஞ்சும்.

இப்போது வீட்டில் உட்கார்ந்து காத்திருக்கிறேன். என் கட்டியோடு அக்குளிலிருந்து நீலம் பாய்ந்த இரண்டு நெறிகளை மட்டும் எடுத்து, நான் அடம்பிடித்ததால் எங்கள் லேபுக்கே அனுப்பியிருக்கிறார்கள். காலில் முள் குத்திப் புண்ணானால் தொடை இடுக்கில் நெறி கட்டுமே, அதே நெறிதான். எங்கள் லேபில் நோடு என்போம். அந்த இரண்டிலும் புற்று இல்லை என்றால் இத்தோடு விட்டது, கதிர்வீச்சு மட்டும் வைத்துக்கொள்ளலாம். இருந்தால் மறுபடி ஆபரேஷன், மருந்து, மொட்டைத் தலை, எல்லாம் வரிசையில் நிற்கின்றன. முடிவு வர நாலைந்து நாளாகும் என்று மற்றவர்களுக்கு ஆயிரம் தடவை சொன்ன வாய் இது. எனக்கென்று வந்தபோது இரண்டே நாளில் லேபுக்கு ஆறு தடவை போன் போட்டுவிட்டேன். கடைசியில் அங்கே இருக்கும் பிள்ளைகள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்.

"அக்கா, பேச்சியம்மா கதைய எப்பப் பாத்தாலும் பாதியில விட்டுட்டுச் சிரிப்பீங்கள்ல? அதை முழுசா எழுதுங்கக்கா. எழுதுற கையில போன் புடிக்க முடியாதுல்ல."

என்னை ஓரங்கட்டத்தான் சொல்கிறார்கள் என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

நான் படித்த கதை சுருக்கமானது. பள்ளிக்கூட லீவில் அம்மாவோடு ஏலக்காய்க் கடைக்குப் போய்க் காய் பொறுக்குவேன். வெடித்தது, கறுத்தது, காம்பு ஒட்டியது எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். வாய் ஊர்க்கதை பேசிக்கொண்டே இருக்கும், விரல் தன்பாட்டுக்குப் பிரிக்கும். பிறகு மதுரையில் லேப் படிப்பு. வேலையில் சேர்ந்த முதல் நாள் டாக்டர் ஒரு பித்தப்பையைக் கீறிக் காட்டினார். மயங்கி விழுந்தது நான் இல்லை, துணைக்கு வந்த என் அண்ணன். நான் அவன் முகத்தில் தண்ணீர் தெளித்துவிட்டு, உள்ளே எத்தனை கல் இருக்கிறது என்று எண்ணப் போய்விட்டேன். அந்த நிமிஷமே வேலை நிரந்தரமாகிவிட்டது.

டாக்டர் எஸ்தரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. லேப் அவருடையது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நாலே முக்கால் அடி உயரம், மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைக்க நாற்காலியில் இரண்டு தலையணை வேண்டும். எழுபதைத் தாண்டியும் இன்றுவரை அந்தத் தலையணைகளை விட்டு இறங்கவில்லை. அவரிடம் ஒரு விசித்திரமான வழக்கம் உண்டு. தகட்டைப் பார்த்து நல்ல முடிவாக இருந்தால் கையில் கிடைத்தவரைத் திட்டுவார். "கூமுட்டை, இந்தச் சாயம் என்ன சாயம்? கைய வச்சு ஏத்துனியா, கால வச்சு ஏத்துனியா?" என்று தொடங்கினால், எங்கோ ஒரு வீட்டில் இன்று சாப்பாடு இறங்கும் என்று அர்த்தம். முடிவு கெட்டதாக இருந்தால் சத்தமே வராது. தன் பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றி நம் பக்கம் நகர்த்தி, "டீ குடி மரகதம்" என்பார். நானும் மற்றவர்களும் அந்த டீக்கு நடுங்குவோம். அவருக்கு இப்படி ஒரு வழக்கம் இருப்பதே அவருக்குத் தெரியாது. நாங்களும் சொல்லவில்லை. சொன்னால் மாற்றிக்கொள்வார், அப்புறம் எங்களுக்கு எப்படி முடிவு தெரியும்?

மார்பில் வரும் புற்று எப்படிப் பரவுகிறது என்பதை அவர் எனக்குச் சொன்ன விதம் இது. ரத்தக் குழாய் எல்லோருக்கும் தெரிந்தது. அதற்குப் பக்கத்திலேயே நிறமில்லாத நிணநீர் ஓடும் குழாய்களும் உண்டு. சதைக்குள் தேங்கும் நீரை வடித்து மறுபடி ரத்தத்தில் சேர்ப்பது அவற்றின் வேலை. வழியில் அங்கங்கே இந்த நெறிகள் நின்று, வருகிற நீரை வடிகட்டி அனுப்பும். புற்று அந்தக் குழாய்க்குள் நுழைந்துவிட்டால் பாதை அமைந்துவிட்டது.

"மார்ல இருந்து பொறப்படுற பஸ்சு அது. மொத ஸ்டாப்பு அக்குள். கட்டியைப் பாத்தா பஸ் ஏறுச்சா இல்லையான்னு தெரியும். நோடைப் பாத்தாத்தான் எறங்குச்சா இல்லையான்னு தெரியும். ஏறுனது எல்லாம் எறங்கணும்னு ஒண்ணும் சட்டமில்ல. வழியிலயே செத்ததும் உண்டு" என்பார்.

அதனால் அந்தக் காலத்தில் மார்பை எடுக்கும்போதே அக்குளில் உள்ள கொழுப்பை நெறிகளோடு மொத்தமாக வழித்து எடுத்துவிடுவார்கள். அந்தக் கொழுப்புக்குள் நெறிகளைத் தேடிப் பிடிப்பது என் வேலை. ஃபார்மலின் மருந்தில் ஊறிய கொழுப்பு பழைய வெண்ணெய்போல விறைத்திருக்கும். மெல்லிய துண்டுகளாக அரிந்து, இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கிக்கொண்டே போக வேண்டும். கொழுப்பு வழுக்கும், நெறி வழுக்காது. கண்ணுக்குத் தெரிகிறதை யாரும் எடுப்பார்கள், தெரியாததை விரல்தான் எடுக்கும். எடுத்ததை ஈரத் துணியில் வரிசையாக வைத்து எண்ணுவேன். டாக்டர் எண்ணுவார். பத்துக்குக் குறைந்தால், "இன்னும் தேடு" என்பார். கூடினாலும் அதையேதான் சொல்வார்.

பேச்சியம்மா வந்தது ஒரு மழைக்காலத்தில். பதினைந்து வருஷம் இருக்கும். குரங்கணிக்கு மேலே, ஜீப்பு போய்த் திரும்பும் கடைசி வளைவில் வீடு. வீட்டுக்குப் பின்னால் சரிவில் கொஞ்சம் சொந்த ஏலத் தோட்டம். மற்ற நாளில் எஸ்டேட்டில் காய் எடுக்கப் போவாள். அவள் கட்டியிலிருந்து ஊசியில் எடுத்த சிறு துணுக்கை முதலில் பார்த்தபோதே, ஒரு நிணநீர்க் குழாய்க்குள் புற்று குந்தியிருந்தது. டாக்டர் எஸ்தர் பிளாஸ்கைத் திறந்தார்.

"பஸ் ஏறிடுச்சு மரகதம். டீ குடி."

ஆக, அவளுக்கு எல்லாமே அக்குள் நெறிகளில் நின்றது. அங்கே இறங்கியிருந்தால் மதுரைக்கு அனுப்பிக் கடுமையான மருந்து ஏற்ற வேண்டும். இறங்கவில்லை என்றால் அந்த மருந்தில் பாதிக் கொடுமையைத் தவிர்க்கலாம். உடம்போ நாற்பது கிலோகூட இல்லை. தெரியாமல் மருந்து ஏற்றினாலும் ஆபத்து, ஏற்றாமல் விட்டாலும் ஆபத்து.

போடியிலேயே ஒரு நர்சிங் ஹோமில் ஆபரேஷன் நடந்தது. அன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் அவள் புருஷன் சின்னமாயன் ஒரு பெரிய ஜாடியை மஞ்சப்பையில் வைத்துத் தூக்கி வந்தார். எஸ்டேட்டில் காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை. காய்ந்த ஏலக்காயை மூட்டைக்கு ஒரு பிடி அள்ளிப் பொட்டலம் கட்டி, போடி வியாபாரிகளிடம் சாம்பிள் காட்டுவதும் அவர்தான். ஜாடியை என் மேஜையில் வைத்தார்.

"சாம்பிள் கொண்டாந்திருக்கேன் ஆத்தா. டாக்டரு ஏதோ கிரேடு போடணும்னு சொன்னாரு. பாத்து, நல்ல பெரிய கிரேடா போட்டு விடுங்க."

ஏலக்காயில் பெரிய கிரேடு என்றால் மகராசன். எங்கள் தொழிலில் பெரிய கிரேடு என்றால் ஆள் காலி. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அவர் முகம் வாடியதைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்க வேண்டியிருந்தது, விழுங்கினால் இன்னும் வந்தது. "சின்ன கிரேடுதாண்ணே இங்க நல்லது, சின்னதாவே இருக்கட்டும்னு கும்பிட்டுக்கங்க" என்று எப்படியோ சொல்லி முடித்தேன். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே பதிவேட்டை இழுத்து, நர்சிங் ஹோம் தாளில் இருந்தபடி "ஜாடி 2, பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மேஜையில் இருந்தது ஒன்று.

மார்பு மருந்தில் நன்றாக ஊறட்டும் என்று விட்டு, ஞாயிறு கழிந்து, திங்கட்கிழமை காலை வெட்ட உட்கார்ந்தோம். டாக்டர் கட்டியை அளந்து முடித்துக் கையை நீட்டினார்.

"நோடு ஜாடி?"

அலமாரியில் பார்த்தேன். மேஜைக்கு அடியில் பார்த்தேன். குளிர்பெட்டியில் பார்த்தேன், என் தயிர்சாத டப்பா இருந்தது. டாக்டர் பதிவேட்டைத் திருப்பி என் கையெழுத்தைப் பார்த்தார். பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றினார்.

ஒருத்தியின் உயிர் சம்பந்தப்பட்ட ஜாடியை நான் சிரித்துத் தொலைத்திருக்கிறேன். அந்த ஒரு டம்ளர் டீயைக் குடித்து முடித்ததுபோல் ஒரு கஷ்டம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அழுதுகொண்டே குடித்தேன்.

நர்சிங் ஹோமுக்கு ஓடினேன். இரண்டு ஜாடியும் புருஷன் கையில் கொடுத்தாயிற்று என்றார்கள். பேச்சியம்மா முந்தின நாளே வீட்டுக்குப் போய்விட்டாள். சின்னமாயன் ஏலக்காய்க் கடைவீதியில்தான் நின்றார், சாம்பிள் பொட்டலங்களோடு.

"அண்ணே, சின்ன ஜாடி ஒண்ணு குடுத்தாகளே, எங்க?"

"அதுவா? அதுல என்ன இருக்குன்னு நர்சம்மாட்ட கேட்டேன். அக்குள்ள இருந்த கொழுப்புன்னாக. கொழுப்பப் பாத்து என்ன ஆத்தா ஆகப்போகுது? பெரிய ஜாடியைத்தான் சாம்பிளுக்குக் குடுத்தாச்சே."

"அதை என்னண்ணே செஞ்சீக?"

அவர் குரல் இறங்கிவிட்டது. "பொதச்சுட்டேன். அவ கேட்டா ஆத்தா. எல்லாத்தையும் வெட்டிப் பாக்கக் குடுத்துட்டா எப்படி, கொஞ்சமாச்சும் நம்ம மண்ணுல போடுன்னா. அவ அதுவரைக்கும் எதுவுமே கேக்கல. அதான்."

எனக்குக் கோபம் வரவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டேன். அதற்கான பதிலில்தான் எல்லாம் இருந்தது.

"ஜாடியில இருந்த மருந்தைக் கொட்டிட்டீகளா?"

"கொட்டுவேனா? அந்த நாத்தத்துக்கு ஏலச்செடி கருகிப் போகாதா? மூடிய இறுக்கி, நாத்துப் பையை மேல சுத்தி, ரப்பரு போட்டு, அப்படியே வச்சு மூடிட்டேன்."

கடைவீதி என்றும் பாராமல் அந்த மனுஷன் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தேன். செடிமேல் வைத்த பாசத்தில் கொழுப்பு அழுகாமல் தப்பித்தது. ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள்.

மேலே ஏறும் ஜீப்பில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். உர மூட்டைமேல் என்னை உட்காரவைத்தார் ஓட்டுநர். "எங்க டீச்சர் இம்புட்டு வெரசா?" என்றார். வெள்ளைக் கோட்டைக் கழற்ற மறந்து வந்திருந்தேன். கோட்டுப் போட்டவர்கள் எல்லாம் அவருக்கு டீச்சர். "ஒரு ஜாடியைத் தோண்டி எடுக்கப் போறோம்" என்று சின்னமாயன் உண்மையைச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். ஜாடியில் இருப்பது பொன்னா, வெள்ளியா என்று விசாரித்துக்கொண்டே ஜீப்பு முழுக்க இறங்கி எங்கள் பின்னால் வந்துவிட்டது. நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

வீட்டுக்குப் பின்னால் போய்ச் சரிவைப் பார்த்ததும் எனக்கு அடுத்த இடி. புதைத்த இடத்தின்மேல் அடையாளமாக ஓர் ஏல நாற்றை நட்டிருக்கிறார் சின்னமாயன். ஈர மண் கிடைத்த வாரம். அதே சனி, ஞாயிறில் மிச்சம் நாற்பது நாற்றையும் சேர்த்து நட்டு முடித்திருக்கிறார். சரிவு முழுக்க ஒரே உயரம், ஒரே பச்சை, ஒரே இடைவெளி.

"எதுண்ணே?"

"அந்தா, அது" என்று ஒன்றைக் காட்டினார். தோண்டினோம். வேர்தான் வந்தது. "இல்ல, இது." தோண்டினோம். புழுதான் வந்தது. ஜீப்பில் வந்தவர்களும் மண்வெட்டியை வாங்கிக்கொண்டார்கள். ஆளாளுக்கு ஒரு செடியைக் காட்டினார்கள். ஒவ்வொரு நாற்றையும் பிடுங்கும்போது சின்னமாயன், "பாத்து, பாத்து, வேரு!" என்று அலற, மறுபடி அதை நட, மழை தூற, நான் வெள்ளைக் கோட்டோடு சறுக்கி இரண்டு வரிசை கீழே போய் நின்றேன். அழ வேண்டிய நேரம். எனக்கு மறுபடி சிரிப்பு வந்து தொலைத்தது. ஏழு செடி தோண்டியாயிற்று.

அப்போதுதான் பின்கதவு வழியாகப் பேச்சியம்மா வந்தாள். ஆபரேஷன் புண்ணிலிருந்து நீர் வடியும் குழாயும் அதன் குப்பியும் சேலைக்குள் செருகியிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று எங்கள் கூத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் அவளிடம் போய் என்ன தப்பு நடந்தது, யார் தப்பு என்று சொன்னேன். அந்தக் கொழுப்புக்குள்தான் அவள் உடம்பின் பதில் இருக்கிறது என்றும் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. சரிவின்மேல் கண்ணை ஓட்டினாள்.

"மூணாவது வரிசை. பலா மரத்துக்கு இங்கிட்டு. கோணலா நிக்குது பாருங்க, அது."

எல்லோரும் பார்த்தோம். ஆமாம், ஒரே ஒரு நாற்று சாய்ந்து நின்றது.

"எப்படிம்மா சொல்ற?"

"முப்பது வருசமா இந்தாளு நட்டு ஒரு செடி கோணுனது இல்ல. அது மட்டும் எப்படிக் கோணும்? அழுதுக்கிட்டே நட்டிருப்பாரு."

"யாரு அழுதா? மழைடீ அது" என்றார் சின்னமாயன். யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை.

இரண்டு வெட்டில் நாற்றுப் பை தெரிந்தது. ரப்பரைக் கழற்றி, ஜாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மருந்து கண்ணாடியாக நின்றது, உள்ளே கொழுப்பு ஒரு சேதமும் இல்லாமல் விறைத்துக் கிடந்தது. கும்பலே கை தட்டியது. பொன்னும் இல்லை, வெள்ளியும் இல்லை என்று தெரிந்தும் தட்டினார்கள். பேச்சியம்மா சிரித்தாள், தையல் இழுத்தது, "ஆத்தாடி" என்று பிடித்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். அந்த நாற்றை மட்டும் நேராக நட விடவில்லை. "அது இருந்த மாதிரியே கோணலா வையி" என்று புருஷனிடம் சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை முதல் வேலையாகக் கொழுப்பை அரிந்தேன். பதினொன்று கிடைத்தது. துவரம்பருப்பு அளவில் சில, மொச்சை அளவில் இரண்டு. டாக்டர் எண்ணினார். "இன்னும் தேடு." மறுபடி நசுக்கினேன், இரண்டு. "இன்னும் தேடு." வாளிக்குப் போக வேண்டிய மிச்சக் கொழுப்பைத் திரும்ப அள்ளி, கண்ணை மூடிக்கொண்டு விரலை மட்டும் ஓட்டினேன். காய்க்குள் இருக்கும் ஏலரிசி அளவுக்கு ஒன்று தட்டுப்பட்டது. அதையும் துணியில் வைத்தேன். பதினான்கு.

மூன்றாம் நாள் தகடுகள் தயார். டாக்டர் எஸ்தர் ஒவ்வொரு நெறியிலும் முதலில் ஓரத்தைத்தான் பார்ப்பார். நிணநீர்க் குழாய் வந்து திறப்பது அந்த ஓரத்தில், புற்று வந்தால் முதலில் குந்துவதும் அங்கேதான். ஒன்று பார்த்தார், "இதென்ன வெட்டு, அரிவாமணையில வெட்டுனியா?" என்றார். என் மனசு குளிர்ந்தது. இரண்டு, மூன்று, நாலு. திட்டு ஏறிக்கொண்டே போனது. பன்னிரண்டாவதில் என் வம்சத்தையே இழுத்தார், ஆனந்தமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பதிமூன்று. "தண்டம்!" பதினான்காவது, அந்த ஏலரிசி. சத்தம் நின்றுவிட்டது. திருகைத் திருப்பினார். ஓரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கை பிளாஸ்கைத் தேடியது.

"ஒண்ணு எறங்கியிருக்கு மரகதம். டீ குடி."

பதிமூன்று சுத்தம், பதினான்காவதின் ஓரத்தில் மட்டும் சின்னக் கூட்டம். நான் அன்று டீயைக் குடித்துவிட்டு, எப்போதும் கேட்காத கேள்வியைக் கேட்டேன். "பதிமூணோட நான் நிறுத்தியிருந்தா?"

"அவளுக்கு ஒண்ணுமில்லன்னு எழுதியிருப்பேன். எழுதி, கையெழுத்தும் போட்டிருப்பேன்" என்றார்.

மதுரையில் பேச்சியம்மாவுக்கு மருந்து ஏறியது. முடி கொட்டியது, வாந்தி எடுத்தாள், எலும்பானாள், தேறினாள். அக்குள் நெறியெல்லாம் போய்விட்டதால் நிணநீர் வடிய வழியில்லாமல் இடது கை வீங்கிக்கொண்டது. இறுக்கமான உறை மாட்டிக்கொண்டுதான் இன்றும் காய் எடுக்கிறாள். முள் கீறினால்கூட அந்தக் கைக்கு ஆகாது. அதற்காகத்தான் இந்த நீல மருந்து முறையைக் கண்டால் எனக்குக் கொண்டாட்டம். மருந்து நிணநீர்க் குழாய் வழியாகப் போய் முதல் ஸ்டாப்பை மட்டும் நீலமாக்கிக் காட்டிவிடுகிறது. அதில் ஆள் இறங்கவில்லை என்றால் மற்ற நெறிகளை யாரும் தொட வேண்டாம், கை வீங்க வேண்டாம். கொழுப்பை நசுக்கித் தேடும் வேலை குறைந்துவிட்டதே என்று லேப் பிள்ளைகள் எனக்காக வருத்தப்பட்டார்கள். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஒழியட்டும் சனியன். நான் மயக்க மருந்துக்கு முன்னால் கேட்டது ஒன்றுதான்: "ஜாடி எத்தனை?" இரண்டு என்றார்கள். "யாரு கையில குடுப்பீங்க?" என்று கேட்பதற்குள் தூங்கிவிட்டேன்.

இதுவரை எழுதியபோது வாசலில் பேச்சியம்மா குரல். காலை பஸ்சுக்கே இறங்கி வந்திருக்கிறாள். கையில் ஒரு சின்னப் பொட்டலம்.

"கோணச் செடி காய்தான். புருசன் குடுத்துவிட்டாரு. சாம்பிளாம்."

சொல்லிக்கொண்டே அடுப்படிக்குள் போய்விட்டாள். என் வீட்டுக்காரர் மருந்துக் கடைக்குப் போயிருந்தார். ஏலக்காய் தட்டும் சத்தம் கேட்டது. ஐந்து நிமிஷத்தில் என் முன்னால் ஆவி பறக்க ஒரு டம்ளர் வந்து நின்றது.

"டீ குடிங்கக்கா."

நான் போட்ட கூச்சலில் அவள் டம்ளரைக் கீழே விட்டிருப்பாள். "எடு! இன்னைக்கு என்கிட்ட யாரும் டீ குடின்னு சொல்லக் கூடாது!" என்றேன். முதல் தடவையாகப் பயம் வெளியே வந்துவிட்டது. பச்சையாகப் போனதற்குச் சிரித்தது, பிள்ளைகளிடம் சிரித்தது எல்லாம் எங்கேயோ போய்விட்டது. எனக்குச் சாக விருப்பமில்லை, அதைச் சொன்னேன். பேச்சியம்மா டம்ளரை ஜன்னலில் தள்ளி வைத்துவிட்டு, வீங்கிய கையை என் மடியில் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அப்படி உட்கார்ந்திருக்கும்போதுதான் போன் அடித்தது. டாக்டர் எஸ்தர். எடுத்துக் காதில் வைத்தேன். பிளாஸ்க் திறக்கிற சத்தம் கேட்கிறதா என்று மூச்சை அடக்கிக் கேட்டேன்.

"கூமுட்டை!"

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"லேபுக்கு ஆறு தடவை போன் பண்ணுனியாமே? அறிவிருக்கா உனக்கு? முப்பத்து நாலு வருசம் என்கிட்ட என்னத்தைப் படிச்ச, தண்டம்! ரெண்டு நோடையும் ஓரம் ஓரமா நாலு சுத்து சுத்திப் பாத்தாச்சு. கட்டியையும் பாத்தாச்சு. பஸ்சே ஏறல, அதுக்குள்ள எறங்குச்சா எறங்குச்சான்னு..."

அவர் திட்டிக்கொண்டே இருந்தார். எருமை என்றார், வம்சத்தை இழுத்தார். நான் "இன்னும் திட்டுங்க டாக்டர், இன்னும் திட்டுங்க" என்று அழுதேன். பேச்சியம்மாவுக்கு இந்த வழக்கம் தெரியாது. "யாருக்கா அது, உடம்பு முடியாத ஆளை இப்படி ஏசுறது?" என்று போனைப் பிடுங்க வந்தாள்.

ஜன்னலில் இருந்த டீயை எடுத்தேன். ஆறிப் போயிருந்தது. ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னொன்று போடச் சொன்னேன்.